வித்துராவுக்கு மேலே 22 வளைவுகள்

திருவனந்தபுரத்தை விட்டு வடகிழக்காக நெடுமங்காடு, சுள்ளிமானூர், தொளிக்கோடு என்று போனால் 37 கிலோமீட்டர் அளவில் வித்துரா வருகிறது. நாகர்கோவில் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்குக் களியக்காவிளை, நெய்யாற்றின்கரை வழி. தென்காசி, செங்கோட்டைக்காரர்களுக்குத் தென்மலை, குளத்துப்புழை, மடத்தறை, பாலோடு வழி. எந்த வழியாக வந்தாலும் கடைசிப் பகுதி ரப்பர் தோட்டங்களுக்கு நடுவேதான். சிறிய ஊர். ஒரு கடைத்தெரு, அரசுப் பேருந்துப் பணிமனை, சற்றுத் தள்ளி மலையடிவாரத்தில் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் வளாகம். தென்கிழக்கே பேப்பாறை அணையும் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டமும், அவற்றுக்கு அப்பால் 1,868 மீட்டர் உயரத்தில் அகத்தியர்கூடமும் இருக்கின்றன. பயணிகளில் பெரும்பாலோர் இங்கே ஒரு சாயா குடித்துவிட்டுக் கல்லாற்றைத் தாண்டிப் பொன்முடிக்கு ஏறிவிடுகிறார்கள். கல்லாற்றுக்கு மேலே 22 கொண்டை ஊசி வளைவுகள். முடிவில் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரம். பொன்முடியின் பனியையும் புல்வெளியையும் பற்றி நிறையவே எழுதியாகிவிட்டது. அந்தச் சாலையை ஒரு பழைய காரின் அடிப்பாகத்திலிருந்து பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

தேசிய நெடுஞ்சாலை 66-இல் நேராக ஓடும் பழைய அம்பாசிடரில் தேய்ந்துபோன சஸ்பென்ஷன் புஷ் ஒன்று இருந்தால், குழியில் விழும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும், அவ்வளவுதான். பல ஆண்டுகள் அந்தச் சத்தத்தோடேயே வண்டி ஓட்டிவிடலாம். மலைச்சாலை அப்படி விடுவதில்லை. ஏறும்போது எடை பின்னுக்குச் சாய்ந்து பின்பக்கப் பட்டை ஸ்ப்ரிங்குகள் அழுந்துகின்றன. கொண்டை ஊசி வளைவில் வெளிப்பக்க முன் சக்கரம் தன் சுமையோடு உள்பக்கச் சக்கரத்தின் சுமையிலும் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறது. உண்மையான சோதனை இறக்கத்தில்தான் வருகிறது. பிரேக் பிடிக்கப் பிடிக்க எடை முன்னுக்குப் பாய்கிறது. சக்கரத்தைத் தாங்கும் கைகளின் புஷ்களும் பின்களும் ஒரே நேரத்தில் பின்னோக்கியும் பக்கவாட்டிலும் இழுபடுகின்றன. பின் அச்சோ பிரேக்கின் முறுக்கத்தில் சக்கரங்களோடு சேர்ந்து தானும் சுழலப் பார்க்கிறது. அதைப் பிடித்து நிறுத்துபவை பட்டைகளும் அவற்றை அச்சோடு கட்டியிருக்கும் யு போல்ட்டுகளும்தான். இது ஏறும்போது 22 முறை, இறங்கும்போது 22 முறை. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டுமே பெய்கிற மலை என்பதால் வளைவின் உள்விளிம்பில் தார் பெயர்ந்து கிடப்பதும் வழக்கம். மண்சரிவால் பாதை மூடப்பட்ட காலங்களும் உண்டு. சமவெளியில் சத்தமாக மட்டும் தெரிந்த குறை இங்கே திசைமாற்றமாகவும் பிரேக் இழுப்பாகவும் வெளிப்படுகிறது. உதிரி நல்லதா கெட்டதா என்று கடையில் கேட்டு அறிவதைவிட இந்தச் சாலையில் அறிந்துகொள்ளலாம்; ஆனால் அந்த அறிவு கிடைக்கும்போது காலம் கடந்துவிட்டிருக்கும். ஆகவே வண்டி மலையேறுவதற்கு முன்பே, எந்த உதிரியை யாரிடம் வாங்குவது என்பதைத் தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நம் சாலைகளில் மிஞ்சியிருக்கும் பழைய கார்களில் மூன்று பெயர்கள் முக்கியமானவை. மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த அம்பாசிடர் 1958-இல் தொடங்கி 2014 மே மாதம் நின்றது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அடியொற்றிய வண்டி அது. முன்பக்கம் முறுக்கத்தால் எடை தாங்கும் டார்ஷன் பார், பின்பக்கம் பட்டை ஸ்ப்ரிங்: இந்த அமைப்பின் அடிப்படை கடைசி வரை பெரிதாக மாறவில்லை. மும்பை குர்லாவில் பிரீமியர் நிறுவனம் செய்த ஃபியட் 1100, பிறகு பத்மினி என்று பெயர் பெற்றுப் புத்தாயிரத்தின் வாசல் வரை வந்தது. மும்பையின் கடைசி பத்மினி டாக்சி 2023 அக்டோபர் இறுதியில்தான் சாலையை விட்டு இறங்கியது. சென்னைக்கு அருகே ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் செய்த ஹெரால்டும் கெஸலும் அவற்றுக்கும் முன்பே மறைந்துவிட்டன. மூன்றுக்கும் பொதுவான உண்மை ஒன்று உண்டு: உதிரிக்குப் பொறுப்பேற்க இன்று தொழிற்சாலை இல்லை. அம்பாசிடர் என்ற பெயரை 2017-இல் பெஜோ நிறுவனம் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. பெயரை வாங்கியதால் பழைய வண்டிக்குப் புஷ் செய்து கொடுக்கும் கடமை யாருக்கும் வந்துவிடவில்லை. திருவனந்தபுரத்திலேயே இதற்கு நேர் எதிரான ஓர் உதாரணம் இருந்தது. திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா பல பத்தாண்டுகள் விரும்பி வைத்திருந்த 1950களின் மெர்சிடிஸ் பென்ஸ் 180 போன்ற ஒரு வண்டிக்கு, செய்த நிறுவனமே இன்னும் நிற்கிறது. பழைய வண்டிகளுக்கென்றே அது 1993-இல் ஒரு மையத்தைத் தொடங்கி, உதிரி எண்ணைச் சொன்னால் தேடித் தருகிறது. அரண்மனை காருக்குக் கிடைத்த அந்த வசதி டாக்சி ஸ்டாண்டு அம்பாசிடருக்குக் கிடையாது. நம்பகமான விற்பனையாளரைத் தேடும் வேலை உரிமையாளர் தலையில் விழுவது அதனால்தான்.

இந்த வேலைக்கு ஒர்க்‌ஷாப்புகளில் ஒரு வாய்ப்பாடு இருக்கிறது. முதல் இடம் ‘கம்பெனி ஒரிஜினல்’, அதாவது எங்கோ ஒரு கடையின் பரணில் பிரிக்காமல் கிடக்கும் பழைய சரக்கு. அது கிடைக்காவிட்டால் காயலான் கடையில் உடைத்த வண்டியிலிருந்து கழற்றியது. அதுவும் இல்லாவிட்டால் வேறு வழியில்லாமல் ‘டூப்ளிகேட்’, யாரோ ஒருவர் புதிதாகச் செய்தது. நெடுமங்காட்டிலும் நாகர்கோவிலிலும் புதுப்பேட்டையிலும் இதே வரிசைதான். இந்த வரிசை தவறு என்பது என் வாதம். சஸ்பென்ஷனில் உள்ள பொருட்கள் ஒரே வகையானவை அல்ல. ரப்பர் ஒரு விதமாகவும் உருக்கு ஒரு விதமாகவும் எண்ணெய் அடைத்த குழாய் வேறொரு விதமாகவும் வயதாகின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே கடை, ஒரே தரவரிசை என்று போனால் மூன்றில் இரண்டு பொருளில் ஏமாறுவோம். நல்ல விற்பனையாளர் யார் என்று பொதுவாகக் கேட்பதால் பயனில்லை. எந்த உதிரிக்கு யார் என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

ரப்பரிலிருந்து தொடங்கலாம், வித்துராவைச் சுற்றி நிற்பதும் அதுதான். பால் வடியும் அந்த மரங்களிலிருந்து கிடைக்கும் இயற்கை ரப்பர், சஸ்பென்ஷன் புஷ் செய்ய இன்றும் மிகச் சிறந்த பொருட்களில் ஒன்று. திரும்பத் திரும்ப முறுக்கினாலும் சட்டென்று கிழியாது. அதிர்வை உள்ளே வாங்கிக்கொள்ளும். அதன் பகைகள் எண்ணெய், வெயில், ஓசோன், எல்லாவற்றுக்கும் மேலாகக் காலம். கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய ரப்பர் பெட்டிக்குள் இருந்தாலும் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு மெல்ல வினைபுரிந்துகொண்டே இருக்கிறது. கடினமாகிறது, இழுவைத் திறனை இழக்கிறது. ரப்பர் பொருட்களைச் சேமித்து வைப்பதற்கான ஐ.எஸ்.ஓ. 2230 தர வழிகாட்டி, இயற்கை ரப்பருக்கு முதலில் 5 ஆண்டு, பரிசோதித்துச் சரியாக இருந்தால் மேலும் 2 ஆண்டு என்று வரம்பு சொல்கிறது. அதுவும் இருட்டான, குளிர்ந்த, முறையான கிடங்கில் வைத்தால். இனிக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அம்பாசிடர் உற்பத்தி நின்றது 2014. அந்த ஆலைக்காகச் செய்த கடைசிப் புஷ்கூட இன்று அந்த வரம்பைத் தாண்டிவிட்டது. பத்மினிக்கு இருபது ஆண்டுக்கு மேல். ஹெரால்டுக்குச் சொல்லவே வேண்டாம். மஞ்சளேறிய அட்டைப்பெட்டியையும் நிறுவன முத்திரையையும் பார்த்து அதிக விலை கொடுத்து வாங்கும் ‘ஒரிஜினல்’ புஷ், கையில் எடுத்தால் கறுப்பாக, பளபளப்பாக, குறையில்லாமல்தான் இருக்கும். வண்டியில் மாட்டி, வளைவில் சுமை ஏறி, பட்டையின் கண்ணுக்குள் முறுக்குண்டபிறகுதான் வெடிக்கத் தொடங்கும். மலிவான டூப்ளிகேட்டைவிடவும் மோசமான வியாபாரம் இது. வாங்கியவர் நல்லது வாங்கிவிட்டோம் என்ற நம்பிக்கையில் மறுபடி குனிந்து பார்க்க மாட்டார்.

ஆகவே புஷ் விஷயத்தில் புதிதாகச் செய்தவரே நம்பகமானவர். எவ்வளவு புதிதோ அவ்வளவு நல்லது. இதைச் செய்யும் திறன் இந்த வட்டாரத்துக்கு அந்நியமும் இல்லை. இந்தியாவின் இயற்கை ரப்பரில் பெரும்பகுதி கேரளத்தில் விளைகிறது. ரப்பர் வாரியத்தின் தலைமையகம் கோட்டயத்தில் இருக்கிறது. அதன் ஆராய்ச்சி நிலையம் 1955 முதல் இயங்குகிறது. பெரும்பாவூர் அருகே ஐராபுரத்தில் ரப்பர் தொழில்களுக்கென்றே ஒரு தொழிற்பூங்கா உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்திலும் ரப்பர் இருக்கிறது. அச்சில் ரப்பரை வார்த்து எடுக்கும் ஒருவரிடம் பழைய புஷ்ஷின் உள் விட்டம், வெளி விட்டம், நீளம் ஆகியவற்றோடு கடினத்தன்மையையும் சொல்ல வேண்டும். ஷோர் ஏ அளவில் 55 முதல் 70 வரை என்பது இத்தகைய புஷ்களுக்கு வழக்கமான எல்லை. அதை அளக்கும் கைக்கருவி பெரிய செலவில்லாதது. ‘நல்ல ரப்பர்’ என்று மட்டும் சொல்லித் தருபவரைவிட ‘60-இல் வார்த்தேன், இன்ன மாதம் வார்த்தேன்’ என்று சொல்பவரிடம் போவதே சரி. பாலியூரித்தேன் புஷ் போட்டால் காலத்துக்கும் தேயாதே என்று ஒரு கட்சி உண்டு. அது எளிதில் தேயாது என்பது உண்மைதான். ஆனால் அது ரப்பரைப்போல் உள்ளுக்குள் முறுகிக் கொடுப்பதில்லை, தன் உறைக்குள் வழுக்கிச் சுழல்கிறது. அதிர்வையும் வாங்காமல் அறுபது எழுபது வயதுச் சட்டகத்துக்கு அனுப்பிவைக்கிறது. பட்டை பொருந்தும் தாங்கிகளில் விரிசல் தேடி வெல்டிங் அடிக்கும் செலவையும் சேர்த்துப் பார்த்தால் அந்த லாபம் லாபமாகத் தெரியவில்லை.

இந்த இடத்தில் விற்பனையாளருக்கு ஆதரவாகவும் ஒன்று சொல்ல வேண்டும். புது புஷ் ஆறே மாதத்தில் கிழிந்தது என்ற புகார்களில் கணிசமானவை பொருத்திய விதத்தால் வருபவை. உள் உறையும் வெளி உறையும் ரப்பரோடு ஒட்டியிருக்கும் புஷ்ஷை, வண்டி ஜாக்கியில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே போல்ட் போட்டு இறுக்கிவிட்டால், சக்கரம் தரையில் இறங்கிய உடனே ரப்பர் ஒரு பக்கமாக முறுகிக்கொள்ளும். அதற்குப் பிறகு நின்றாலும் ஓடினாலும் அந்த முறுக்கம் போகாது. வண்டியைத் தரையில் இறக்கி, அதன் எடை முழுவதும் சக்கரத்தில் உட்கார்ந்தபிறகே கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். இதைச் செய்யாத ஒர்க்‌ஷாப்பில் உலகின் மிகச் சிறந்த ரப்பரும் தோற்கும்.

உருக்குக்கு வந்தால் வரிசை தலைகீழாகிறது. டார்ஷன் பார் என்பது ஒரு முனையைச் சட்டகத்திலும் மறுமுனையைச் சக்கரத்தின் கையிலும் பிடித்துவைத்த நீண்ட உருக்குத் தண்டு. அது முறுகித்தான் வண்டியின் எடையைத் தாங்குகிறது. அதைச் செய்வது வார்ப்பு வேலையோ சாதாரண லேத் வேலையோ அல்ல. சரியான ஸ்ப்ரிங் உருக்கைச் சூடாக்கி, எண்ணெயில் குளிர்வித்து, மறுபடி பதமேற்றி, மேற்பரப்பில் ஒரு கீறல்கூட இல்லாமல் முடித்து, கடைசியில் எந்தப் பக்கம் முறுகப் போகிறதோ அந்தப் பக்கமாக முன்கூட்டியே முறுக்கி வைக்க வேண்டும். இடப்பக்கத் தண்டும் வலப்பக்கத் தண்டும் வேறு வேறாகக் கருதப்படுவது இதனால்தான். ஓடிய தண்டைப் பக்கம் மாற்றிப் போடக்கூடாது. அளவில் சிறு பிசகும் பெரிதாகிறது. முறுக்கத்துக்குத் தண்டு காட்டும் எதிர்ப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 20 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய தண்டு 19 மில்லிமீட்டர் இருந்தால், விட்டத்தில் 5 விழுக்காடுதான் குறைவு என்று கண்ணுக்குத் தோன்றும்; விறைப்பு குறைவதோ 18 விழுக்காட்டுக்கும் மேல். இப்படிப்பட்ட பொருளை ஒன்றிரண்டு என்ற எண்ணிக்கையில் ஒரு பட்டறை புதிதாகச் செய்து தருகிறேன் என்றால் தயங்குவதே முறை. இங்கே நம்பத்தக்கவர் காயலான் கடைக்காரர். ஆலையில் முறையாகப் பதமேற்றி, பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடியும் உடையாத தண்டு தன் தகுதியை ஏற்கெனவே காட்டிவிட்டது. கேட்க வேண்டியவை இரண்டுதான். எந்தப் பக்கத்திலிருந்து கழற்றியது? துரு தின்ற குழி எங்காவது உண்டா? குழி இருந்தால் விரிசல் அங்கிருந்துதான் பிறக்கும். சாயம் தெளித்து விரிசல் பார்க்கும் முறையோ காந்தத் துகள் சோதனையோ செய்துகொள்வது நல்லது. நகரங்களில் எந்தப் பெரிய எந்திரப் பட்டறைக்கும் இது தெரிந்த வேலை. கடற்கரையோரமாக ஓடிய வண்டியின் தண்டைவிட உள்நாட்டில் ஓடியதன் தண்டு மேல். சென்னைப் புதுப்பேட்டையைப்போல் கொல்கத்தாவின் மல்லிக் பஜாரும் இதற்குப் பெயர்போன இடம். அம்பாசிடரை டாக்சியாக ஆயிரக்கணக்கில் ஓட்டிய நகரம் அது.

பின்பக்கப் பட்டைக்கு மூன்றாவது ஒருவர் வேண்டும். அவர் கார் உதிரி வியாபாரியே அல்ல. லாரிக்குப் பட்டை செய்பவர். நாமக்கல், சங்ககிரி போன்ற லாரித் தொழில் ஊர்களில் ஸ்ப்ரிங் பட்டறைகள் அன்றாடம் சுமை வண்டிகளுக்கு வேலை செய்கின்றன. அதிக பாரம் ஏற்றும் லாரியில் மட்டமான பட்டை நிற்காது, வாரத்துக்குள் திரும்பி வந்துவிடும். அப்படிப்பட்ட வாடிக்கையாளரைத் தினமும் எதிர்கொள்பவருக்கு இ.என். 45, எஸ்.யு.பி. 9 என்ற உருக்கு வகைகளின் பெயர் சொல்லத் தெரியும், உலையின் பதம் தெரியும். பட்டையின் விறைப்பு கனத்தின் மூன்றாம் அடுக்கில் மாறுகிறது. 6 மில்லிமீட்டருக்குப் பதில் 5.5 மில்லிமீட்டர் போட்டால் அந்தப் பட்டை 23 விழுக்காடு தளர்ந்துவிடும். அரை மில்லிமீட்டரைக் கண் பிடிக்காது, வெர்னியர் பிடிக்கும். இதையெல்லாம் விட்டுவிட்டு, படுத்துப்போன பழைய பட்டையைச் சம்மட்டியால் அடித்து வளைத்துத் தரும் ‘செட்டிங்’ வேலையைத்தான் பலர் நம்புகிறார்கள். படுத்த பட்டை என்பது உருக்கு தளர்ந்துவிட்டதற்கு அடையாளம். பதமேற்றாமல் வளைத்தால் சில மாதங்களில் மறுபடி படுக்கும். கேஸ் விளக்கால் சூடாக்கி வளைப்பது இன்னும் ஆபத்து: சூடு பட்ட இடத்தில் பதம் போய்விடுகிறது, அடுத்த மலைப் பயணத்தில் அங்கேயே முறியும். மலிவு என்பதால் ஏழை டாக்சிக்காரர் இதைச் செய்துகொள்வது புரிகிறது. ஆசையோடு வண்டி வைத்திருப்பவர் செய்வதற்கு நியாயம் இல்லை.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். உலோகப் புஷ், பின், மரை வெட்டிய இணைப்புகள் ஆகியவை கோயம்புத்தூர், அம்பத்தூர் வட்டாரத்து கிரைண்டிங் பட்டறைகளில் பழையதைவிட நன்றாகவே செய்யப்படும். மாதிரியாகக் கொடுக்கும் பின் தேயாததாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. தேய்ந்த மாதிரியை வைத்து அளந்தால் தேய்மானத்தையும் சேர்த்தே நகலெடுப்பார்கள். ஹெரால்டு காரின் முன் சக்கரத்தைத் தாங்கும் வெண்கல ட்ரன்னியனுக்குக் கிரீஸ் அடைக்காமல் கியர் எண்ணெய் ஊற்ற வேண்டும் என்பது அந்தக் காரை இங்கிலாந்தில் உருவாக்கிய டிரையம்ப் நிறுவனத்தின் அறிவுரை. நல்ல உதிரி வாங்கிக் கிரீஸ் அடித்துக் கெடுத்துவிட்டு விற்றவரைக் குறை சொல்லக்கூடாது. ஷாக் அப்சார்பர்களுக்கு இன்றும் இயங்கும் உற்பத்தியாளர்கள் இருக்கிறார்கள். பரணில் கிடந்த பழையதன் எண்ணெய்த் தடுப்பும் ரப்பர்தான் என்பதால் மேலே சொன்ன காலவரம்பு அதற்கும் பொருந்தும்.

சிறு பட்டறைகளை நம்பச் சொல்வது ஆபத்தில்லையா, அவர்களிடம் சோதனைக்கூடம் உண்டா, தரச்சான்று உண்டா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சோதனைக்கூடம் பட்டறைக்குள் இருந்தாக வேண்டும் என்பதில்லை. சென்னை கிண்டியில் சிறுதொழில் அமைச்சகத்தின் சோதனை மையம் இருக்கிறது. கோயம்புத்தூரில் சிடார்க் சோதனை நிலையம் இருக்கிறது. கடினத்தன்மைச் சோதனை, உருக்கின் வேதிக்கூறுச் சோதனை எல்லாம் கட்டணம் கட்டி யாரும் செய்துகொள்ளக் கூடியவை. தொழிற்சாலை மூடிய காருக்குத் தெற்காசியாவின் சிறு பட்டறையால் ஈடுகொடுக்க முடியும் என்பதற்கு இலங்கையே சான்று. இங்கிலாந்தின் பாத் நகரில் மோரிஸ் மைனர் கார்களுக்கென மையம் நடத்திய சார்லஸ் வேர், 1990களில் இலங்கையின் தென்பகுதியில் உள்ளூர்க் கூட்டாளியோடு சேர்ந்து அந்தக் காருக்கான தகடுகளையும் உதிரிகளையும் செய்யவைத்து, கார் பிறந்த நாட்டுக்கே ஏற்றுமதி செய்தார். வரைபடமும் தொடர்ந்த ஆர்டரும் வாங்கிப் பார்க்கும் கண்ணும் இருந்தபோது கைத்திறன் போதுமானதாக இருந்தது. திருவிதாங்கூரின் பழைய கதையும் இதையே சொல்கிறது. 1938 பிப்ரவரி 20 அன்று இங்கே அரசுப் போக்குவரத்து தொடங்கியபோது இங்கிலாந்திலிருந்து காமர் சட்டகங்களை இறக்கினார்கள். லண்டன் போக்குவரத்தில் பணியாற்றிய சால்ட்டர் மேற்பார்வையில் உடற்கூடுகளை உள்ளூர் ஆட்களே கட்டினார்கள். அந்தப் போக்குவரத்தின் வாரிசான இன்றைய அரசுப் பேருந்துகள் வித்துரா பணிமனையிலிருந்து பொன்முடிக்கு ஏறி இறங்குகின்றன. எந்த வண்டிக்கு எந்தப் பட்டை எப்போது மாற்றப்பட்டது என்ற பதிவேடு இல்லாமல் ஒரு பேருந்துப் பணிமனை இயங்க முடியாது. ஒரே ஒரு கார் வைத்திருப்பவரும் அந்தப் பழக்கத்தைக் கைக்கொள்ளலாம்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் எண்ணிக்கை. நான்கு புஷ்ஷுக்காக யார் அச்சு செய்வார்கள்? செய்ய மாட்டார்கள்தான். அச்சின் செலவு நான்கு புஷ்ஷின் தலையில் ஏறினால் யாராலும் வாங்க முடியாது. நூறு புஷ்ஷில் பரவினால் ஒரு நேரச் சாப்பாட்டுச் செலவாகச் சுருங்கும். ஆகவே இது தனியாள் தீர்க்கும் காரியமல்ல. திருவனந்தபுரம், நாகர்கோவில், திருநெல்வேலி, மதுரை என்று இந்த ஒரு வட்டத்திலேயே ஒரே மாதிரி அம்பாசிடர் வைத்திருப்பவர்கள் சேர்ந்து ஒரு வரைபடம், ஒரு ஆர்டர் என்று போனால் அச்சு அவர்களுடையது. அடுத்த முறை வார்த்தெடுக்கும் செலவு மட்டும். தேவைக்கு மேல் வாங்கிக் குவித்து வைக்கும் ஆசையை மட்டும் விட வேண்டும். உருக்குப் பின்னை வாங்கி வைக்கலாம். ரப்பரை அந்தந்த ஆண்டுத் தேவைக்கு மட்டும் வார்க்க வேண்டும்.

இத்தனை பாடு எதற்கு, இன்றைய ஜீப்பின் முன் அமைப்பையே வெட்டிப் பொருத்திவிடலாமே என்பார்கள். பல ஆசான்கள் அதைத் திறமையாகவே செய்கிறார்கள். ஆனால் சட்டம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரளத்திலிருந்து போன வழக்கு ஒன்றிலேயே அதை உறுதிசெய்தது. 50 ஆண்டு கடந்த வண்டிகளைப் பாரம்பரிய வாகனமாகப் பதிய 2021-இல் வந்த மத்திய விதிகளும் சட்டகம், உடற்கூடு, எஞ்சின் மாற்றப்படாமல் மூல வடிவில் இருக்க வேண்டும் என்று கேட்கின்றன. பதிவுக்கு 20,000 ரூபாய், காலம் 10 ஆண்டு. வெட்டி ஒட்டிய முன் அமைப்போடு அந்த வாசலில் நிற்பது கடினம். சட்டத்தை விட்டாலும் காரணம் இருக்கிறது. ஒரு காரின் திசைமாற்றம், எடைப் பகிர்வு, பிரேக், பட்டை எல்லாம் ஒன்றையொன்று கணக்கில் வைத்து வரையப்பட்டவை. ஒன்றை மட்டும் வேறு வண்டியிலிருந்து கொண்டுவந்தால் மற்ற மூன்றும் அதை அறியாது. கல்லாற்றுக்கு மேலே, ஈரச் சாலையில், இறக்கத்தில் அந்தக் கணக்குப் பிசகைச் சோதித்துப் பார்க்க யாருக்கும் உரிமை இல்லை. எதிரே பேருந்து வருகிறது.

ஆக, நம்பகம் என்பதைக் கடையின் பெயர்ப் பலகையிலோ பெட்டியின் முத்திரையிலோ தேடுவதை நிறுத்தலாம். டெல்லி காஷ்மீரி கேட்டிலும் மும்பை ஓபரா ஹவுஸ் பக்கத்திலும் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் நேர்மையானவர்கள் நிறைய இருக்கிறார்கள். எந்தப் பொருளுக்கு அவர்கள் பொறுப்பேற்க முடியும் என்பதுதான் தெரிந்திருக்க வேண்டும். ரப்பர் விற்பவர் வார்த்த மாதத்தைச் சொல்ல வேண்டும். பட்டை செய்பவர் உருக்கின் வகையையும் கனத்தையும் பில்லில் எழுத வேண்டும். கழற்றிய தண்டு விற்பவர் எந்தப் பக்கத்துத் தண்டு என்று சொல்ல வேண்டும், விரிசல் சோதனையில் தேறாவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்ள ஒப்ப வேண்டும். பொன்முடிக்குப் பழைய காரை எடுத்துப் போக நினைப்பவர்கள் இந்தக் கேள்விகளைக் கடையிலேயே கேட்டுவிடுங்கள். பதில் சொல்பவர்களின் பெயரை மற்ற உரிமையாளர்களுக்குச் சொல்லுங்கள். வார்த்த தேதி சொல்லத் தெரியாதவரிடம், பெட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும், புஷ் வாங்காதீர்கள்.